அம்மாவின் கூடையில் என் கல்

அந்தத் தவக்காலத்தில் என்னோடு மலையேறியவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ஒவ்வொருவராகக் கூப்பிடலாம் என்றால் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், மீதிப் பேருக்குக் காது கேட்பதில்லை. ஆகவே பொதுவாகக் கூப்பிடுகிறேன். மேல் லயத்துப் பிள்ளைகள், கீழ் லயத்துப் பிள்ளைகள், ஓடையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவர்கள் எல்லாரும் கேளுங்கள். கொழும்பில் மகன் வீட்டில் இருப்பவர்கள், திருச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர்கள், மடுல்சீமைப் பக்கத்து அதே தேயிலைத் தோட்டத்தில் அதே லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் இன்றைக்கும் இருப்பவர்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அறுபத்தைந்து தாண்டிவிட்டோம். முழங்காலுக்குத் தைலம் போடாமல் எழுந்திருப்பவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

இந்தத் தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை பதுளைக் கோயிலில் எங்கள் ஃபாதர் ஒரு மண்சட்டியைப் பீடத்துக்கு முன்னால் வைத்தார். சின்னப் பிள்ளை அவர், என்னிடம் ஆறாம் வகுப்பில் தமிழ் படித்தவர். ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, உங்களை அழுத்துகிற பாரத்தை எழுதி இதில் போடுங்கள், பெரிய வெள்ளியன்று எல்லாவற்றையும் எரித்துவிடுவோம் என்றார். எல்லாரும் எழுதினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் பரீட்சை எழுதுவது போல ஒரு கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். நான் மட்டும் பேனாவைப் பிடித்தபடியே இருந்துவிட்டு வெறும் காகிதத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் எழுதச் சொல்லிக் கொடுத்தவளுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. எழுத வேண்டியது ஒரே ஒரு சொல்தான். கல்லுக்காரி.

தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். அது என் அம்மாவுக்கு நீங்கள் வைத்த பெயர். சாகும்வரை தோட்டம் முழுக்க அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூடை எடை கூடுவதற்காகக் கொழுந்துக்குள் கல்லைப் போட்டவள் என்று உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருப்பீர்கள். நடந்தது அது இல்லை. அந்தப் பெயரை அம்மாவின் மேலிருந்து இறக்காமல் நான் சாக விரும்பவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. நாம் எட்டுப் பேர் அந்த வருஷம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குவதற்குப் படித்துக்கொண்டிருந்தோம். தகரக் கூரை போட்ட நம்முடைய கோயில் ஞாபகம் இருக்கிறதா? மத்தியான மழை வந்தால் நமக்கு வேதம் சொல்லித்தந்த உபதேசியார் என்ன சொல்கிறார் என்று ஒரு சொல்லும் கேட்காது. அவர் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு இருப்போம். நனைந்த கம்பளி வாசனையும் மெழுகுவர்த்தி வாசனையும் ஒன்றாகக் கலந்து வரும். உபதேசியார் நல்ல மனிதர். ஆனால் கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. ஏதாவது குறும்பு செய்தால் அடிக்க மாட்டார். "ஒனக்கு இந்த வருஷம் வெள்ளச் சட்டை இல்ல" என்பார், புதுநன்மைக்குப் போடுகிற சட்டை. அதற்கு அடியே மேல்.

என் வெள்ளைச் சட்டைத் துணி பதுளையில் முஸ்லிம் நானா கடையில் எடுத்தது. அம்மா வேலை முடிந்து வந்து, வெளிச்சம் இருக்கும்போதே காம்பிரா வாசலில் உட்கார்ந்து கையாலேயே தைத்தாள். கொழுந்துக் கறை பிடித்த விரல் துணியில் பட்டுவிடுமோ என்று எலுமிச்சம் தோலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ஊசியைத் தொடுவாள். அம்மா புதுநன்மை வாங்கியபோது இரவல் சட்டையில் வாங்கினாளாம். எனக்கு அப்படி ஆகக்கூடாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

தவக்காலம் தொடங்கிய அன்று உபதேசியார் அந்த வழக்கத்தை மறுபடியும் சொன்னார். நம் தோட்டத்துக் கோயிலில் மட்டும்தான் அது இருந்தது என்று நினைக்கிறேன், வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

"ஆளுக்கொரு கல்லு எடுத்துக்கிறணும். பெரிய வெள்ளி வரைக்கும் அது ஒங்க கூடவே இருக்கணும். பள்ளிக்கூடம் போனாலும் சரி, மலைக்குப் போனாலும் சரி. தூக்கிப் பாத்தாத்தான் பாரம் என்னான்னு தெரியும். பெரிய வெள்ளிக்கு உச்சியில சிலுவைக்கிட்ட எறக்கி வச்சிட்டு வெறுங்கையோட வரணும். ஒருத்தரு கல்ல இன்னொருத்தரு தூக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

பெரியவர்கள் நெல்லிக்காய் அளவில் ஒன்றைச் சேலை முந்தியில் முடிந்துகொள்வார்கள். நீங்களும் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். நான்தான் கெட்டிக்காரி. ஓடைக்குப் போய், அரைத் தேங்காய்க்கும் பெரிதாக ஒரு கல்லை எடுத்து வந்தேன். சாம்பல் நிறம், வழவழப்பு. அடியில் மட்டும் ஒரு சின்னக் குழி, பெருவிரலை வைத்தால் சரியாக உட்காரும். அம்மாவின் பழைய ரவிக்கைத் துணியில் அதைச் சுற்றி மூட்டையாகக் கட்டி மார்போடு அணைத்துக்கொண்டு போனேன். உபதேசியார் மூட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பாருங்கடா, இந்தப் புள்ளைக்குத்தான் பக்தி" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அம்மா அன்றைக்கு அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, இவ்வளவு பெருசா?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் வாரம் பெருமையில் போயிற்று. இரண்டாம் வாரம் தோள் வலித்தது. பள்ளிக்கூடம் ஒன்றரை மைல், போக ஏற்றம், வர இறக்கம். சிலேட்டும் ரொட்டிப் பொட்டலமும் ஒரு கையில், கல் ஒரு கையில். நீங்கள் எல்லாரும் வழியில் கொய்யா பறிக்க மரம் ஏறுவீர்கள். நான் கீழே நின்று மூட்டையைக் காத்துக்கொண்டு நிற்பேன். சின்னதாக மாற்றிக்கொள்ளலாம் என்றால் பக்திக்காரி பட்டம் போய்விடும். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, அப்போது அழுகை வந்தது.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா கொழுந்து எடுக்கும் மலைக்குப் போனேன். அந்த நேரத்தில் நாம் எல்லாரும் அப்படித்தான், அம்மாமாருக்குக் கைக்கு உதவியாக நாலு பிடி பறித்துக் கூடையில் போடப் போவோம். அம்மா நெற்றியில் கூடைக்கயிற்றை மாட்டி, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நின்றாள். கயிறு அழுத்தி அழுத்தி அவள் முன்னந்தலையில் முடி கொட்டி ஒரு தடம் விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனாள். கூடை என் பக்கத்தில் இருந்தது. முக்கால்வாசிக் கொழுந்து.

நான் மூட்டையை அவிழ்த்தேன். கல்லைக் கூடைக்குள் கை விட்டு அடியில் தள்ளினேன். மடுவத்துக்குக் கொழுந்து நிறுக்கப் போவதற்குள் எடுத்துவிடலாம், அதுவரைக்கும் கொஞ்சம் கை சும்மா இருக்கட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். அம்மாவை ஏமாற்ற நினைக்கவில்லை. எடையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? துணி வெறுமையாகத் தெரியக்கூடாது என்று ஒரு சின்னக் கல்லை நடுவில் வைத்து, சுற்றிலும் மானாப்புல்லைத் திணித்து அதே அளவுக்கு மூட்டை கட்டிக்கொண்டேன். அது காற்று மாதிரி லேசாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினேன். கொய்யா மரத்துக்கு ஓடினேன், உங்களுக்கு முன்னால் உச்சிக் கிளைக்கு ஏறினேன். கை வெறுமையாக இருந்த சந்தோஷத்தில் கல்லை மறந்தே போனேன்.

மழை வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சறுக்கி விழுந்து மடுவத்துக்கு ஓடினேன். அப்போது அம்மாவின் கூடை தராசில் தொங்கிக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை எடையைச் சொன்னார். அடுத்த நிமிஷம் கூடையைச் சாக்கில் கவிழ்த்தார்கள். கொழுந்துக்கு நடுவிலிருந்து கல் உருண்டு சிமெந்துத் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் மடுவத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"என்னா இது? தேயிலைச் செடியில கல்லு காய்க்குதா இப்ப?" என்றார் கணக்கப்பிள்ளை. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

அம்மா குனிந்து கல்லை எடுத்தாள். ஒரு தடவை புரட்டினாள். பெருவிரல் அடியிலிருந்த குழியில் போய் நின்றது. பிறகு நிமிர்ந்து, மழையில் நனைந்து கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள். என் கையில் மூட்டை பத்திரமாக இருந்தது. நான் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"கேக்கிறன்ல? நீதானே போட்ட?"

அம்மா கல்லைக் கணக்கப்பிள்ளையின் கையில் கொடுத்தாள்.

"பேசாம நிக்கிறதப் பாருங்க. கோயில்ல மொத ஆளா நிக்கிற பொம்பள!" என்று கணக்கப்பிள்ளை சொன்னார். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு தோட்டங்களில் சிலர் அப்படிச் செய்து பிடிபட்டிருந்தார்கள், இவரும் அப்படியே நினைத்துவிட்டார். அன்றைக்கு எடுத்த கொழுந்துக்குச் சம்பளம் இல்லை, மூன்று நாள் வேலை கிடையாது என்று சொல்லி, அந்தக் கல்லை எல்லாரும் பார்க்கட்டும் என்று மடுவத்துக் குறுக்குச்சுவரின் மேல் வைத்தார். அம்மா வெறும் கூடையை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, மழைக்குத் தலையில் போட்டிருந்த கொங்காணியின் ஒரு முனையை மட்டும் பின்னால் நீட்டிப் பிடித்தாள். நான் அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டேன்.

சொல்லியிருக்கலாம். லயத்துக்குப் போகிற அந்த வழியில் எத்தனை தடவையோ சொல்லியிருக்கலாம். வெள்ளைச் சட்டை கண்ணுக்கு முன்னால் நின்றது. அதோடு அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்தேன். ஓடையில் கிடக்கிற கல் எல்லாம் ஒன்று போலத்தானே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள், அதிகம் பேசமாட்டார். "ஏன் அப்படிச் செஞ்ச?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அந்தத் தவக்காலம் முழுவதும் அப்பா அவளிடம் பேசவில்லை. ரொட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த முதுகை நான் இன்னும் மறக்கவில்லை. மூன்று நாள் கழித்து அம்மா வேலைக்குப் போனபோது கல்லுக்காரி என்ற பெயர் அவளுக்கு முன்னாலேயே மலைக்குப் போய்விட்டது.

உபதேசியார் எங்கள் காம்பிராவுக்கு வந்தார். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார். பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதையில் ஆறாம் ஸ்தலத்தில், இயேசுவின் முகம் துடைத்த வெரோணிக்கா மாதிரி வெள்ளைத் துணியை விரித்துப் பிடிப்பது எட்டு வருஷமாக அம்மாவின் வேலை. அந்தத் துணியை அவள்தான் துவைப்பாள், நீலம் போடுவாள், முள் படாமல் தேயிலைச் செடிமேல் விரித்துக் காய வைப்பாள்.

"இந்த வருஷம் வேற யாரையாவது பிடிக்கச் சொல்லலாம்னு இருக்கேன். சனங்க பேசுதுங்க, அதுக்குத்தான்" என்றார்.

"சரிங்க" என்று அம்மா உள்ளே போய், மடித்து வைத்திருந்த துணியை இரண்டு கையாலும் கொண்டு வந்து கொடுத்தாள். அவர் போன பிறகு வெகு நேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அது ஏற்கனவே பொறுக்கிய அரிசி.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் பதுளையிலிருந்து அப்போதைய ஃபாதர் நமக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க வந்தார். நான் முழங்காலிட்டு, சீனி திருடினேன், தம்பியைக் கிள்ளினேன், செபத்தில் தூங்கினேன் என்று சொன்னேன். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை ஃபாதர் என்றேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். ஒன்றுகூட விடாமல் சொன்னேன். புல் மூட்டை மடியில் இருந்தது.

பெரிய வெள்ளி காலையில் அம்மா மடுவத்துக்குப் போனாள். வேலை இல்லாத நாளில் எதற்கு என்று நான் ஒளிந்து ஒளிந்து பின்னால் போனேன். கணக்கப்பிள்ளை மடுவத்துப் படியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தக் கல்ல எடுத்துக்கிறேங்க."

"என்னாத்துக்கு?"

"கோயிலுக்குங்க."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார். அம்மா எக்கி எடுத்துக் கூடையில் போட்டாள். கயிற்றை நெற்றியில் மாட்டினாள். எல்லாரும் துவைத்த சேலையில், கைகளைக் குவித்துக்கொண்டு நிற்கிற கூட்டத்துக்கு, கொழுந்துக் கூடையோடு வந்து சேர்ந்தாள். உங்களுக்கு அது ஞாபகம் இருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் இடித்துக் காட்டிக்கொண்டீர்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு முன்னால் போய்விட்டார்.

தேயிலைக்கு நடுவே ஸ்தலம் ஸ்தலமாக ஏறினோம். பலகைச் சிலுவைக்கு முன்னால் முழங்காலிடும்போதெல்லாம் அம்மாவும் கூடையோடு முழங்காலிட்டாள். எழும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள். ஆறாம் ஸ்தலத்தில் கீழ் லயத்து அக்கா ஒருத்தி துணியைப் பிடித்தாள். பழக்கம் இல்லாமல் ஒரு பக்கம் தொங்கிப் போயிற்று. அம்மா நின்ற இடத்திலிருந்தே, இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடி என்று கையால் காட்டினாள்.

தேயிலை முடிந்து மானாப்புல் காடு தொடங்கிய இடத்திலிருந்து காற்று. உச்சியில் மரச் சிலுவை, அதன் அடியில் வருஷா வருஷம் வைத்த கற்கள் குவியலாகக் கிடக்கும். ஒவ்வொருவராக வைத்துவிட்டு வந்தார்கள். கிழக்கே இடி இடித்தது. மழைக்கு முன்னால் இறங்க வேண்டும் என்று கூட்டம் அவசரமாக இறங்கத் தொடங்கியது. நான் என் மூட்டையைக் குவியலில் வைக்கப் போனேன்.

"இங்க வா" என்றாள் அம்மா.

அவள் கூடையை இறக்கி வைத்திருந்தாள். என் மூட்டையை வாங்கினாள், முடிச்சை அவிழ்த்தாள். காய்ந்த புல் காற்றில் பறந்து போயிற்று. அந்தச் சின்னக் கல்லை ஓரமாகப் போட்டுவிட்டு, கூடைக்குள் கையை விட்டு என் கல்லை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தாள்.

"எடுக்கிறப்பவே நெனைச்சேன், ஒன் வயசுக்கு இது பெருசுன்னு. மேல வரைக்கும் நான் கொண்டாந்துட்டேன். வைக்கிறது மட்டும் நீ வையி."

"ஒங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெனமும் அத நகட்டி வச்சுக் கூட்டுறது யாரு? கை வச்சதுமே தெரிஞ்சுபோச்சு."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா வெள்ளச் சட்டைய யாரு போடுறது?" என்றாள். பிறகு சிலுவையைப் பார்த்துக்கொண்டு, "அவருக்குத் தெரியுமில்ல. எனக்கு அது போதும்" என்றாள்.

"நான் போயி எல்லார்ட்டயும் சொல்லிர்றேம்மா."

"சொல்லணும்னு ஒனக்கே தோணுற அன்னைக்குச் சொல்லு. எனக்காகச் சொல்ல வேணாம். நான் இங்கயே எறக்கி வச்சாச்சு. வையி, மழை வருது."

நான் வைத்தேன். அம்மா என் கண்ணையும் மூக்கையும் முந்தியால் துடைத்துவிட்டாள். வெறும் கூடையை மாட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து விறுவிறுவென்று இறங்கினாள். பாதி வழியில் பாட்டு ஒன்றை முணுமுணுக்க ஆரம்பித்தாள். இவ்வளவும் நடந்த பிறகு எப்படிப் பாட முடிகிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

உயிர்ப்பு ஞாயிறன்று வெள்ளைச் சட்டை போட்டுப் புதுநன்மை வாங்கினேன். உபதேசியார் என்னை முன் வரிசையில் நிறுத்தினார். அம்மா கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். அன்றைக்குச் சாயந்தரம் அப்பா தாமாகவே அடுப்புப் பக்கம் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் என்ன சொன்னாளோ, ஒன்றும் சொல்லவில்லையோ, எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள். கல்லுக்காரி என்று கூப்பிட்டால் "என்னாங்க" என்று திரும்பிப் பார்ப்பாள். ரோஷமே இல்லாத மனுஷி என்று நான் உள்ளுக்குள் கோபப்பட்டிருக்கிறேன். நான் டீச்சராகிப் பதுளைக்கு வந்தேன், கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். தோட்டத்துக்குப் போகிறபோதெல்லாம் இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் நினைப்பேன். இறங்கியதும் வாய் அடைத்துக்கொள்ளும். ஆண்டவரிடம்தான் வைத்துவிட்டேனே, இனி மனிதரிடம் எதற்கு என்று ஒரு சாக்கும் பிடித்துக்கொண்டேன். அம்மாவைக் குழியில் இறக்கிய அன்று யாரோ ஒரு கிழவி, "கல்லுக்காரி புண்ணியவதி, படுக்காம போயிட்டா" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். நான் அன்றைக்கும் பேசவில்லை.

வெறும் காகிதத்தோடு வீட்டுக்கு வந்த மறுநாள் ஃபாதரைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆண்டவர் அத எப்பவோ மன்னிச்சிட்டார், டீச்சர்" என்றார்.

"அது எனக்குத் தெரியும் ஃபாதர். தோட்டத்துச் சனங்களுக்குத்தான் எங்கம்மாவப் பத்தித் தெரியாது."

"அப்படின்னா அவங்கக்கிட்டத்தான் சொல்லணும், டீச்சர். சட்டியில போடுற விஷயம் இல்ல இது" என்றார். சின்னப் பிள்ளை என்று சொன்னேனே, அவர்தான் இதைச் சொன்னார்.

உங்கள் மேல் கோபத்தோடு இதை எழுதத் தொடங்கி, இதுவரை எழுதி வைத்துவிட்டு எழுந்தேன். முதலில் யாரிடம் சொல்வது? நம்மில் ஒருத்தி, என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள், இப்போது பசறை ரோட்டில் மகளின் சில்லறைக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் போனேன். பிஸ்கட் டின்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, பால் இல்லாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"கல்லு ஒன்னோடதா? அது எனக்குத் தெரியாது" என்றாள். "ஆனா நாங்க வச்ச பேருங்கிறியே, அது சரியில்ல. பேரு வச்சது நாங்க இல்லடி."

"பின்ன?"

"ஒனக்கு நெசமா ஞாபகம் இல்லையா? வேலைக்குத் திரும்ப வந்த அன்னைக்கு ஒங்கம்மா குறுக்குப் பாதையில ஏறி வருது. நாம எல்லாம் பாறை மேல இருக்கோம். எங்களுக்கு என்னா பேசுறதுன்னு தெரியல, ஒன் மொகத்தப் பாத்தோம். நீ சிரிச்சுக்கிட்டே, 'அந்தா, கல்லுக்காரி வர்றா'ன்ன. நீயே சொன்னப்பறம் எங்களுக்கு என்னா, நாங்களும் கத்துனோம்."

"எங்கம்மாவுக்குக் கேட்டுச்சா?"

அவள் வாசலில் நின்ற ஒரு பிள்ளைக்கு டொபி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"நின்னு ஒன்னப் பாத்துச்சு. பெறகு கயித்தச் சரி பண்ணிக்கிட்டு மேல போயிருச்சு."

ஞாபகம் இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வந்துவிட்டது. வெயிலில் சுட்ட அந்தப் பாறை, என் மடியில் புல் மூட்டை, எங்கே என்மேல் சந்தேகம் வந்துவிடுமோ என்ற பயம், எல்லாரையும் முந்திக்கொண்டு சிரித்த என் சிரிப்பு. அம்மாவின் முகம் மட்டும் வரவில்லை. நான் அதைப் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும். ஐம்பத்தைந்து வருஷம் அதை எங்கோ புதைத்து வைத்துவிட்டு, உங்கள் மேல் கோபமாக இருந்திருக்கிறேன். அந்தக் கடையில், பிஸ்கட் டின்களுக்கு நடுவில், வெட்கம் கெட்டு அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மலை உச்சிக்கு அம்மா என் கல்லை மட்டுமா கூடையில் கொண்டு வந்தாள்? நான் சொன்ன அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் சுமந்து வந்திருக்கிறாள். இரண்டையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் பாடிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். பிறகு யார் எப்படிக் கூப்பிட்டாலும் அவளுக்கு அது கனக்கவில்லை. ரோஷம் இல்லாத மனுஷி என்று நினைத்தேனே, என்னை என்ன சொல்ல. எனக்காகச் சொல்ல வேண்டாம் என்று அவள் சொன்னது இப்போதுதான் விளங்குகிறது. என் கை வெறுமையாக வேண்டும் என்பதற்காகத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே வருகிற பெரிய வெள்ளிக்கு நான் தோட்டத்துக்கு வருகிறேன். உச்சியில் இப்போது சிமெந்துச் சிலுவை, பக்கத்தில் டெலிபோன் டவர், ஆனால் கற்குவியல் அப்படியே இருக்கிறதாம். அதுவரை ஏற என் முழங்கால் விடாது. ஆறாம் ஸ்தலம் வரைக்கும் வந்துவிடுவேன், முடியாவிட்டால் பிள்ளைகள் தூக்கட்டும். அங்கே நின்று இதை எல்லார் காதிலும் விழ வாசிப்பேன். வரமுடியாதவர்கள் இங்கேயே படித்துக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கூடையில் கல்லைப் போட்டது நான். கல்லுக்காரி என்று முதலில் சொன்னதும் நான். உங்கள் மேல் பழி போட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பெயர் சவரியம்மா. இனிமேல் அவளைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.